மரம் நட்டால் போதுமா? - தங்கவயல் சொல்லும் கணக்கு

சென்ற மாதம் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பிறந்தநாளுக்குப் பரிசு வாங்குவதற்குப் பதிலாக ஒரு மரத்துக்குப் பணம் கட்டலாமாம். பத்து டாலர். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நம் பெயரில் ஒரு கன்று நடுவார்கள். நாம் காரிலும் விமானத்திலும் ஏறி விட்ட புகையை அது குடித்துவிடும். நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. "அப்பா, உங்க ஊர்லயே நட்டுடலாமா?" என்று கேட்டாள்.

என் ஊர் பங்காருபேட்டை. கோலார் தங்கவயலுக்குப் போகிறவர்கள் ரயில் மாறும் ஊர். பத்து டாலர் பெரிய காசில்லை, நோக்கமும் நல்லதுதான். ஆனாலும் எனக்கு உடனே 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றேன். ஏன் யோசித்தேன் என்று எழுதிப் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு என்று ஒன்றுகூட கோலார் மாவட்டத்தில் கிடையாது. மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, அதுவும் சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த மழையைப் பிடித்து வைத்துத்தான் அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பிடித்து வைக்கும் பாத்திரம் ஏரி. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று சங்கிலி மாதிரி. மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த சாங்கி (பெங்களூரில் சாங்கி ஏரி இவர் பெயரில்தான் இருக்கிறது) 1866-ல் எழுதிய அறிக்கையில், இந்தச் சீமையில் புதிதாக ஒரு ஏரி வெட்ட இடம் கண்டுபிடிக்கவே தனி சாமர்த்தியம் வேண்டும் என்கிற அர்த்தத்தில் வியந்திருக்கிறார். அந்த அளவுக்கு ஏற்கெனவே வெட்டி முடித்திருந்தார்கள் நம் ஆட்கள்.

தங்கவயல்காரர்கள் எல்லோருக்கும் பேத்தமங்கலம் ஏரி தெரியும். பாலாற்றின் குறுக்கே இருப்பது. பாண மன்னன் ஒருவன் பெயரால் விஜயாதித்யமங்கலம் என்று அந்த ஊருக்குப் பழைய பெயர். கரை உடைந்து போனதையும், பத்தாம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்திலும் பிறகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹொய்சளர் காலத்திலும் அதைத் திரும்பக் கட்டியதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. 'இயற்கையை மீட்டெடுப்பது' என்று இன்று மாநாடு போட்டுப் பேசுகிறோமே, அதை ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் :-)

ஏரிக்கு மேலே மேடான இடங்களில் புதர்க்காடு. ஊருக்குப் பொதுவாக மேய்ச்சல் நிலம், கன்னடத்தில் கோமாளா என்பார்கள். ஊரோரத்தில் புளி, மா, புங்கன், இலுப்பை, நாவல் என்று நின்ற தோப்புக்குக் குண்டுதோப்பு என்று பெயர். புதர்க்காடு மண்ணைப் பிடித்தது, மண் மழையைப் பிடித்தது, மிச்சத்தை ஏரி பிடித்தது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி தங்கம். 1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, இந்தப் பக்கத்துக் கிராமத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூர் வந்து குடியேறிய லவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய், 1873-ல் மைசூர் அரசிடம் தோண்டுவதற்கு உரிமம் வாங்கினார். அவரால் பெரிதாக ஒன்றும் முடியவில்லை. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பிறகுதான் நிஜமான சுரங்கம். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து நம் பாட்டன் பூட்டன்கள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பங்கள். பண்ணையாரிடமிருந்து தப்பித்து பூமிக்குள் இறங்கினவர்கள். ரயில் சந்திப்பாக இருந்த எங்கள் ஊருக்கு அப்போது பௌரிங்பேட்டை என்று பெயர், மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால். பிற்பாடு பங்காருபேட்டை ஆனது. பங்காரு என்றால் தங்கம். அங்கிருந்து மாரிகுப்பம் வரை 1894-ல் கிளைப்பாதை போட்டார்கள்.

சுரங்கத்துக்குத் தங்கம் மட்டும் இருந்தால் போதாது. ஆளை இறக்க ஏற்ற, உள்ளே ஊறும் தண்ணீரை வெளியே இறைக்க, கல்லை இடித்துப் பொடியாக்க எல்லாவற்றுக்கும் நீராவி எஞ்சின் வேண்டும். நீராவிக்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. சுரங்கத்துக்குள் கூரை இடிந்து விழாமல் முட்டுக் கொடுக்கவும் மரம்தான். பல்லாயிரம் பேர் குடியிருந்த லைன் வீடுகளில் அடுப்பெரிக்கவும் விறகுதான். சுற்று வட்டாரத்துப் புதர்க்காடு மாட்டு வண்டி ஏறி வந்து கொதிகலனுக்குள் போனது. பக்கத்தில் விறகு தீரத் தீர, எட்டத்திலிருந்து வந்தது. நிலக்கரியை ரயிலில் கொண்டுவந்தார்கள், அதுவும் கட்டுப்படியாகவில்லை.

இந்த இடத்தில் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது. சுரங்கத்துக்கு 92 மைல் தூரத்தில் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அங்கே மின்சாரம் எடுத்துக் கம்பியில் கொண்டுவந்தால் என்ன என்று மைசூர் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் ஒரு திட்டம் போட்டார். அத்தனை தூரம் கம்பியில் மின்சாரம் கொண்டுபோவது அன்றைக்கு உலகத்திலேயே அபூர்வம். திவான் சேஷாத்ரி ஐயர் (நம் பாலக்காட்டுக்காரர்) துணிந்து ஒப்புக்கொண்டார். டர்பைன் சுவிட்சர்லாந்திலிருந்தும் மின் எந்திரங்கள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. 1902 ஜூன் 30-ம் தேதி தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்ததே அதற்குப் பிறகு 1905-ல்தான். பாவம், சேஷாத்ரி ஐயர் 1901-லேயே காலமாகிவிட்டார்.

யாரும் காட்டைக் காப்பாற்றுவதற்காக இதைச் செய்யவில்லை. தங்கத்தை மலிவாக எடுப்பதற்காகச் செய்தார்கள். ஆனாலும் எஞ்சின் ஒவ்வொன்றாக நீராவியிலிருந்து மின்சாரத்துக்கு மாற மாற, அதற்குப் போன விறகும் நிலக்கரியும் மிச்சம். ஒரு கன்றும் நடாமலே ஒரு பெருந்தீனி குறைந்தது. வெட்டும் தேவையைக் குறைத்தால் காட்டுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது தங்கவயல் சொல்லும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் அவ்வளவு இனிப்பானதில்லை.

ஒரு டன் கல்லில் இருப்பது சில கிராம் தங்கம்தான். மீதி எல்லாம் சயனைடு கலந்த தண்ணீரில் அலசிய, மாவு போல அரைத்த கல்பொடி. அதை வெளியே கொட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கொட்டினார்கள். 13 மேடுகள், ஆயிரம் ஏக்கர், சுமார் 3.3 கோடி டன். நாங்கள் அதைச் சயனைடு மலை என்போம். சின்ன வயதில் சாம்பியன் ரீஃபில் இருந்த அத்தை வீட்டுக்கு ஆடி மாதம் போனால், காற்றடிக்கும்போது அத்தை சாப்பாட்டுத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துத்தான் கொடுப்பார். கொடியில் காயும் வேட்டி சாம்பல் நிறமாகிவிடும். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம் மாதிரி அழகாகத் தெரிந்தது. அத்தைக்கு அது ராத்திரி இருமல்.

அந்த மேட்டில் ஏன் புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை? கல்பொடியில் மக்கு கிடையாது. கல்லில் இருந்த கந்தகம் காற்றும் தண்ணீரும் பட்டு அமிலமாகிறது. பெய்த மழையை வேருக்கு எட்டும்படி பிடித்து வைக்கவும் அதற்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க்கைச் சுற்றி இதே மாதிரி தங்கச் சுரங்க மேடுகள் உண்டு. அங்கே சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்து, உரமிட்டு, முதலில் புல்லைத்தான் வளர்த்தார்கள். எடுத்த எடுப்பில் மரம் இல்லை. மண்ணை முதலில் மண்ணாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நூற்றிருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் போய்ச் சேர்ந்தது. மேடுகள் இருக்கின்றன. அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் கொடுத்தது. எடுக்கட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். எடுத்து முடித்த பிறகு அந்த ஆயிரம் ஏக்கரும் என்னவாகப் போகிறது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள் என்றுதான் நம் மக்கள் கேட்க வேண்டும்.

மூன்றாவது பாடம்தான் மகள் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில். அது நீலகிரி மரம். தமிழ்நாட்டில் தைல மரம் என்போம், எங்கள் பக்கம் நீலகிரி மரம்தான், அதாவது யூகலிப்டஸ். 1790 வாக்கில் திப்பு சுல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து நந்தி மலையில் நட்டதுதான் இந்தியாவுக்கு வந்த முதல் யூகலிப்டஸ் என்று சொல்வார்கள். பாலாறு பிறப்பதும் அதே நந்தி மலைப் பக்கம்தான். என்ன பொருத்தம் பாருங்கள்!

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் 'சமூகக் காடு' என்ற பெயரில் அரசே கன்றுகளை இலவசமாகவும் அடிமாட்டு விலைக்கும் கொடுத்தது. உலக வங்கிப் பணமும் வந்தது. நோக்கம் நல்லது: கிராமத்துக்கு விறகு வேண்டும், வெட்டிப்போன காட்டை ஈடு கட்ட வேண்டும். எத்தனை கோடி கன்று கொடுத்தோம் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு விளைந்த நிலமெல்லாம் நீலகிரி மரமானது. விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. மாடு கடிக்காது, ஆள் கூலி கிடையாது, ஏழெட்டு வருடத்தில் வெட்டினால் காகிதக்கூழ் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் விலை போகும். பெங்களூரில் வேலை பார்க்கிறவனுக்கு அதைவிட வசதியான பயிர் ஏது? ஆனால் களை எடுத்த பெண்களுக்கு வேலை போயிற்று. ஊருக்குள் களி குறைந்தது. விறகு வேண்டும் என்று ஆரம்பித்த திட்டத்தில் வளர்ந்த மரம் லாரி ஏறிப் போய்விட்டது.

1983-ல் தும்கூர் மாவட்டத்தில் விவசாயிகள் ஊர்வலமாகப் போய் வனத்துறை நாற்றங்காலில் இருந்த யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டார்கள். பிடுங்கியதோடு விடவில்லை, அந்த இடத்தில் புளியும் மாவும் ஊன்றிவிட்டு வந்தார்கள். அவர்கள் மரத்துக்கு எதிரிகள் இல்லை, எந்த மரம் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

'நீலகிரி மரம் கிணற்றை வற்ற அடிக்கிறது' என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த இயன் கால்டரும் கர்நாடக வனத்துறை ஆய்வாளர்களும் அளந்தே பார்த்தார்கள். பெங்களூருக்கும் கோலாருக்கும் நடுவில் இருக்கும் ஹொஸகோட்டையில், மூன்று வருட அளவீட்டில், அந்த மரங்கள் குடித்த தண்ணீர் அங்கே பெய்த மழையைவிட அதிகம் என்று 1997-ல் வெளியிட்டார்கள். பெய்ததைவிட எப்படி அதிகமாகக் குடிக்க முடியும்? வேர் வருடா வருடம் ஆழமாக இறங்கி, எத்தனையோ காலமாக அடிமண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் உறிஞ்சியிருக்கிறது. சுரங்கம் தோண்டித் தங்கம் எடுத்த மாதிரிதான், இது தண்ணீர். எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆய்வாளர்கள் அளந்த வேறொரு இடத்தில் மரங்கள் மழைக்குள்ளேயே அடங்கிக் குடித்தன. மண்ணின் ஆழம், மழையின் அளவு எல்லாம் சேர்ந்தது. ஆனால் மழை குறைந்த, ஆழமான மண்ணுள்ள மேட்டு நிலத்தில் ஊர்க்காரர்கள் சொன்னது பொய்யில்லை. கடைசியில் 2017-ல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் பயிரிடுவதற்கே தடை போட்டது.

இதற்கும் புவி வெப்பமாவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இரண்டு வழியில் இருக்கிறது.

ஒன்று, மரம் குடித்த கரி எங்கே போகிறது என்பது. ஏழெட்டு வருடத்தில் வெட்டிக் கூழாக்கினால், குடித்த கரியில் பெரும்பகுதி சில வருடத்தில் திரும்பக் காற்றுக்கே போய்விடும். 2019-ல் 'நேச்சர்' இதழில் சைமன் லூயிஸும் சக ஆய்வாளர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். 2011-ல் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய காடு மீட்புத் திட்டத்தில் நாடுகள் வாக்குக் கொடுத்திருந்தன. வாக்குக் கொடுத்த நிலத்தில் கிட்டத்தட்ட பாதி, 45 சதவீதம், ஒரே வகை மரத்தை வளர்த்து வெட்டி விற்கும் தோட்டங்களாகத்தான் ஆகப்போகின்றன. இயற்கையாக மீண்டு வரும் காட்டில் சேரும் கரி, இந்தத் தோட்டங்களில் சேர்வதைப் போல 40 மடங்கு என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவும் 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. எதைக் கொண்டு மீட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டாவது வழி தண்ணீர். கோலாரில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. அத்தனை ஆழத்திலிருந்து தண்ணீரை ஏற்ற எவ்வளவு மின்சாரம், அதற்கு எங்கோ எவ்வளவு நிலக்கரி எரிய வேண்டும்! ஏரி நிரம்பி நீர்மட்டம் ஏறினால் அந்தப் புகையும் குறையும். மழை இனி ஒரே சீராகப் பெய்யப் போவதில்லை, வருடக்கணக்கில் ஏமாற்றிவிட்டு ஒரு வாரத்தில் கொட்டும் என்கிறார்கள். 2021 நவம்பரில் கொட்டியது. கோலார் ஏரிகள் வழிந்து, பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. வேலூர் பக்கத்தில் 1903 வெள்ளத்துக்குப் பிறகு அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்த்ததில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் ஆற்றின் மேல்பகுதி எங்கள் மாவட்டம் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் ஏரிக்கரை பலமாக இருந்தால் வெள்ளம் மெதுவாக வரும். எங்கள் மண்ணுக்குள் ஈரம் இருந்தால் உங்கள் ஆற்று மணலுக்கும் கொஞ்சம் ஊறும்.

ஏரிகளைத் திரும்ப நிரப்பும் வேலை ஒருவிதமாகத் தொடங்கியும் இருக்கிறது. பெங்களூர் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் விடும் கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018 ஜூனில் லட்சுமிசாகரா ஏரியில் ஆரம்பித்தது. முதல் கட்டத்தில் 126 ஏரிகள் இலக்கு. அடுத்த மாதமே ஏரியில் நுரை பொங்கி, வழக்கு உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் போனது. இரண்டு கட்டமாகச் சுத்திகரித்தால் போதாது, மூன்றாவது கட்டமும் வேண்டும் என்பது விவசாயிகள் கேட்பது. நியாயமான கேள்வி. அதே சமயம் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியிருப்பதை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தத் தண்ணீரை ஏற்றவும் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும் என்பதும் உண்மை. நம் ஏரி தன் மழையில் தானே நிரம்ப வேண்டுமென்றால் வரத்துக் கால்வாயைத் திறக்க வேண்டும், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், மேலே இருக்கும் புதர்க்காட்டை விட்டுவைக்க வேண்டும். அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அதனால்தானோ என்னவோ மெதுவாக நடக்கிறது.

புதர்க்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்கக் கணக்கில் அதற்குத் 'தரிசு' என்று பெயர். முள்ளும் கல்லும் ஆடு மேய்வதும்தான் கண்ணுக்குத் தெரியும். தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கும் எதற்கும் கொடுத்துவிடலாம். ஆனால் வெட்டாமல், தீ வைக்காமல், சில வருடம் மேய்ச்சலை அளவாக வைத்தாலே அடிக்கட்டையிலிருந்து அது தானாகத் துளிர்க்கும். நடவே வேண்டாம். இதுதான் உலகத்திலேயே மலிவான காடு மீட்பு. ஆனால் இதில் யார் பெயரையும் எழுதிப் பலகை வைக்க முடியாது.

மகளிடம் என்ன சொன்னேன்? பணம் கட்டுவோம், ஆனால் அதற்கு முன்னால் நாலு கேள்வி எழுதிக் கேட்போம் என்றேன். என்ன மரம்? யாருடைய நிலம், அங்கே இப்போது ஆடு மேய்க்கிறவர்கள் எங்கே போவார்கள்? எத்தனை வருடம் கழித்து வெட்டுவீர்கள்? அந்த ஊர்த் தண்ணீர் என்னவாகும்? அவளே உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில், இதுவரை எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தது.

அந்தப் பத்து டாலரை எடுத்து வைத்திருக்கிறோம். பங்காருபேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஏரி தூர் வார ஊர்க்காரர்களே பணம் சேர்ப்பதாகத் தம்பி போன வாரம் போனில் சொன்னான். வாரிய வண்டலை அவரவர் நிலத்துக்கே அடித்துக்கொள்வார்களாம். அதோடு நம் பங்கும் கொஞ்சம் சேர்த்து அனுப்பலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். "அப்போ என் பேர் போட்ட மரம்?" என்று கேட்டாள். ஏரிக்கரையில் ஒரு புங்கன் கன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த லீவில் போகும்போது அதற்கு அவளே தண்ணீர் ஊற்றட்டும். ஏரியில் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.